தண்ணீர் வராது என்று சொல்லலாம், ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது

டெல்டாவில் ஒரு சின்ன ஊரில் லாப நோக்கமில்லாத சமுதாய வானொலி ஒன்றில் மூன்று வருடம் சம்பளம் இல்லாமல் நிகழ்ச்சி செய்திருக்கிறேன். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். நூறு வாட் டிரான்ஸ்மிட்டர், அலை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் பெரிது. ஆனால் அந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள் டீக்கடையில், நடவு வயலில், தையல் கடையில் எங்கள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு கோடையில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஒன்பது நாள் குடிநீர் வரவில்லை. ஒரு அக்கா நிலையத்துக்குப் போன் செய்தார். "தம்பி, மோட்டார் ரிப்பேர்னு சொல்லி ஒன்பது நாளாச்சு, ஒருத்தரும் எட்டிப் பாக்கல, உங்க ரேடியோல ஒரு வார்த்த கேளுங்கப்பா" என்றார். அதை அப்படியே பதிவு செய்து மாலை நிகழ்ச்சியில் வைத்தேன். நிலையப் பொறுப்பாளர் கேட்டுவிட்டு எடுத்துவிடச் சொன்னார். "இது செய்தி ஆயிடும்பா, உரிமத்துக்கே ஆபத்து" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சொன்னது விதிப்படி சரி. அன்றைக்கு மாலை உள்ளூர் நிர்வாகம் கொடுத்த ஒரு துண்டுக் காகிதத்தை மட்டும் வாசித்தேன்: பராமரிப்புப் பணி காரணமாகக் குடிநீர் விநியோகம் இருக்காது. அந்த அக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார் என்ற நினைப்பு இன்றும் எனக்கு உறுத்துகிறது.

விதி என்ன சொல்கிறது என்றால், தனியார் எஃப்எம் ஆனாலும் சமுதாய வானொலி ஆனாலும் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை வாங்கிப் போடலாம், தனியார் எஃப்எம் என்றால் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. போக்குவரத்து, வானிலை, விளையாட்டு வர்ணனை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு இதெல்லாம் செய்தி இல்லை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில்தான் குடிநீர், மின்சாரம், இயற்கைச் சீற்றம் பற்றிய அறிவிப்புகளும் வருகின்றன, ஆனால் உள்ளூர் நிர்வாகம் கொடுத்தபடி. அந்த வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது. நிர்வாகம் சொன்னால் தகவல், தெருவில் இருப்பவர் சொன்னால் செய்தி.

இதே நாட்டில் நூற்றுக்கணக்கான செய்தித் தொலைக்காட்சிகள் இருபத்து நாலு மணி நேரமும் கத்திக்கொண்டிருக்கின்றன. பத்திரிகை நடத்தலாம். யூடியூபில் யார் வேண்டுமானாலும் செய்தி சொல்லலாம். வானொலிக்கு மட்டும் வாய்ப்பூட்டு. பாதுகாப்பு, கண்காணிக்க ஆள் இல்லை என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. காமன் காஸ் என்ற அமைப்பு 2013இல் இந்தத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. அதற்கும் முன்பே, 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் அதே நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொதுச் சொத்தில் பொதுமக்கள் தங்கள் ஊர் விஷயத்தைப் பேச முடியவில்லை என்றால் அந்தத் தீர்ப்பு எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றுதானே நான் எடுத்துக்கொள்ள வேண்டும்?

சரி, இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், ஒலி ஒளிபரப்புக்கு ஒரு புதுச் சட்டம் கொண்டுவரும் முயற்சி சில வருடங்களாக நடக்கிறது. 2023 நவம்பர் 10 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒளிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவை வெளியிட்டது. 1995ஆம் வருடத்துக் கேபிள் டிவி சட்டத்தை எடுத்துவிட்டு, டிவி, ஓடிடி, வானொலி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதுதான் திட்டம். நிகழ்ச்சி விதிமுறை, விளம்பர விதிமுறை, உள்ளடக்கத்தைச் சரிபார்க்க ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் ஒரு குழு, மேலே ஓர் ஆலோசனைக் கவுன்சில் என்று போகிறது வரைவு. 2024இல் திருத்திய வரைவு சிலருக்கு மட்டும் காட்டப்பட்டது, யூடியூபர்களையும் உள்ளே இழுக்கிறார்கள் என்று பெரிய சத்தம் எழுந்தது, ஆகஸ்ட் 12 அன்று அமைச்சகம் கருத்துச் சொல்லும் காலத்தை அக்டோபர் 15 வரை நீட்டி, கலந்து பேசிவிட்டு வேறு வரைவு வெளியிடுவோம் என்றது.

அந்தச் சண்டையில் நான் படித்த கட்டுரைகள் எல்லாம் ஓடிடி, ஓடிடி, அப்புறம் யூடியூப். வானொலிக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வரைவில் வானொலியும் இருக்கிறது. விதிமுறைக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற இடத்தில் எங்களையும் சேர்த்திருக்கிறார்கள், செய்தி சொல்லும் உரிமை என்ற இடத்தில் எங்களைக் காணோம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரிலேயே ஒரு நல்ல காரியம் செய்தது. தனியார் எஃப்எம் நிலையங்களுக்கு ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் வரை செய்தி, நடப்பு நிகழ்ச்சி ஒலிபரப்ப அனுமதி கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. செல்போனில் எஃப்எம் வசதி முடக்கப்படாமல் இருக்க வேண்டும் என்றும் அதே அறிக்கையில் சொன்னது. அடுத்த வருடம் ஆகஸ்டில் 234 புது நகரங்களில் 730 எஃப்எம் சேனல்களை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சேனலை ஏலம் விடுவதில் இருந்த வேகம் வாயைத் திறந்துவிடுவதில் இல்லை. அந்த 730 சேனல்களும் வந்தால் என்ன பேசும்? இப்போதைய விதிப்படி பாட்டும் விளம்பரமும்தான்.

செய்தி கூடாது என்றால் மிச்சம் இருப்பது பாட்டும் விளம்பரமும். பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும், விளம்பரத்துக்கு வரம்பு இருக்கிறது. ஒரு சின்ன நிலையத்தை மூன்று பக்கமும் சட்டம் நெருக்குகிறது, ஆனால் இந்த மூன்றையும் சேர்த்து வைத்து யாரும் பேசுவதில்லை. செய்தி ஓர் அதிகாரியிடம், பதிப்புரிமை இன்னொரு துறையிடம், விளம்பரக் கட்டணம் வேறொரு அலுவலகத்திடம்.

விளம்பரத்தைப் பார்ப்போம். சமுதாய வானொலிக்கு மணிக்கு ஏழு நிமிடம்தான் விளம்பரம் என்று இருந்தது. 2024 பிப்ரவரியில் அதைப் பன்னிரண்டு நிமிடமாக்கினார்கள், அரசு விளம்பரத்துக்கான கட்டணத்தையும் பத்து வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆக்கினார்கள். நல்லதுதான், நன்றி. கணக்குப் போட்டால் பன்னிரண்டு நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். நிரம்பினால். எங்கள் நிலையத்தில் ஒரு நாள் முழுக்கச் சேர்த்தாலும் பன்னிரண்டு நிமிடம் விளம்பரம் வந்ததில்லை. உரக்கடை ஒன்று, ஆடித் தள்ளுபடிக்கு ஒரு ஜவுளிக்கடை, எப்போதாவது ஓர் அரசு விளம்பரம். அந்த அரசு விளம்பரத்துக்கான பணம் வந்து சேர எத்தனை மாதம் ஆகும் என்று சமுதாய வானொலி நடத்தும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கரண்ட் பில் கட்டும்போது பொறுப்பாளர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உரக்கடைக்காரர் ஏன் கூடுதலாக விளம்பரம் தர வேண்டும்? ஊர் விஷயம் பேசுகிற வானொலியைத்தான் ஊர் கேட்கும், ஊர் கேட்கிற வானொலிக்குத்தான் கடைக்காரர் காசு கொடுப்பார். செய்தியை அடைத்துவிட்டு வருமானத்தை மட்டும் தேடச் சொன்னால் எங்கே போவது?

இனி பாட்டு. இதில் என் நண்பர்கள் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. வானொலிக்காரர்கள் பாட்டுக்குப் பணம் கட்டுவதே அநியாயம், நாங்கள்தானே பாட்டைப் பிரபலமாக்குகிறோம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1977இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், படத்துக்காக எழுதிய பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே போகும் என்ற நிலையை உறுதி செய்த பிறகு, எத்தனையோ பாடலாசிரியர்களும் இசைக் கலைஞர்களும் தாங்கள் எழுதிய, மெட்டமைத்த பாட்டு தினமும் ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டே வறுமையில் வாழ்ந்திருக்கிறார்கள். 2012இல் வந்த பதிப்புரிமைத் திருத்தச் சட்டம்தான் அதைச் சரிசெய்தது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காகப் பேசினார். பாட்டைப் பயன்படுத்துவோர் கட்டும் உரிமைத் தொகையான ராயல்டியில் தனக்குள்ள பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சட்டம் காவல் நின்றது. அதில் கை வைக்கக் கூடாது.

அதே சட்டத்தில் 31டி என்று ஒரு பிரிவு வந்தது. வெளியான பாட்டை ஒலிபரப்ப நிலையங்கள் ஒவ்வொரு கம்பெனியிடமும் போய்க் கெஞ்ச வேண்டாம், முன்கூட்டி அறிவித்துவிட்டு, நிர்ணயித்த ராயல்டியை முன்பணமாகக் கட்டிவிட்டுப் போடலாம் என்பதுதான் அது. அதில் இன்னொரு வரி இருக்கிறது, பலருக்குத் தெரியாது: பாட்டைப் போடும்போது அதைப் படைத்தவர்கள் பெயரையும் முக்கியக் கலைஞர்கள் பெயரையும் அறிவிக்க வேண்டும். இன்றைக்கு எஃப்எம்மைத் திருப்பிப் பாருங்கள், பாட்டு எழுதியவர் யார் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? எங்கள் அப்பா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். படம், பாடியவர்கள், இயற்றியவர், இசை என்று அறிவிப்பாளர் சொன்னதைக் கேட்டே பழைய பாட்டுக்கெல்லாம் எழுதியவர் பெயர் மனப்பாடமாகச் சொல்வார். சட்டம் இல்லாத காலத்தில் மரியாதையாக நடந்தது, சட்டம் வந்த பிறகு நடக்கவில்லை.

இலங்கை வானொலி என்று சொன்னதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவை அடைத்தார். நேயர்கள் பாட்டை விடவில்லை, வானொலியைத்தான் விட்டார்கள். முள்ளைத் திருப்பிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போனார்கள், விளம்பரதாரர்களும் பின்னாலேயே போனார்கள். 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியே பாட்டுக்கென்று விவித்பாரதி தொடங்க வேண்டி வந்தது, 1967இல் அதில் விளம்பரமும் வாங்க ஆரம்பித்தார்கள். இன்று செய்தியில் அதேதான் நடக்கிறது. எங்கள் ஊர் மக்கள் குடிநீர் பிரச்சினையை வாட்ஸப் குழுவில் பேசுகிறார்கள், அதில் பாதி வதந்தி. விலாசம் உள்ள, உரிமம் உள்ள, தப்பாகச் சொன்னால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு நிலையம் பக்கத்துத் தெருவில் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறது.

மறுபடி ராயல்டிக்கு வருகிறேன். 2010இல் பதிப்புரிமை வாரியம் எஃப்எம் நிலையங்களுக்கு நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்று நிர்ணயித்தது. வருமானம் குறைந்தால் கட்டுவதும் குறையும். 2020 டிசம்பர் 31 அன்று அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அதை மாற்றி, எத்தனை மணி நேரம் பாட்டு ஓடியது, எந்த ஊர், எந்த நேரம் என்று பார்த்து ஒலிக்கும் நேரத்துக்குக் கட்டணம் என்றாக்கியது. பெரிய நிலையங்கள் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டு குறைவாகக் கட்டுகின்றன என்ற இசைக் கம்பெனிகளின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 31டி பிரிவில் லாப நோக்கமில்லாத சமுதாய வானொலிக்கென்று தனி வரி எதுவும் கிடையாது. எல்லாரும் ஒரே பெயரில், ஒலிபரப்பு நிறுவனம். சென்னையில் கோடிகளில் விளம்பரம் வாங்கும் நிலையமும் எங்கள் நூறு வாட் நிலையமும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்று. எங்கள் பொறுப்பாளர் பயந்துபோய் சினிமாப் பாட்டே வேண்டாம் என்றுவிட்டார். நடவுப் பாட்டு, ஒப்பாரி, கும்மி என்று நாங்களே பதிவு செய்து போட்டோம், அதில் எனக்குப் பெருமைதான், அந்தப் பாட்டிகளின் குரல் வேறெங்கும் பதிவாகியிருக்காது. ஆனால் அதே பாட்டிகள் இடையில் ஒரு பழைய சினிமாப் பாட்டும் போடச் சொல்வார்கள். போட முடியாது என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கும்.

நான் கேட்பது இதுதான். புது ஒளிபரப்புச் சட்டத்தில் வானொலிக்குச் செய்தி உரிமையை எழுதிவையுங்கள், கொள்கைக் குறிப்பில் வேண்டாம், சட்டத்திலேயே வேண்டும், சமுதாய வானொலியையும் சேர்த்து. அச்சுக்கும் டிவிக்கும் இருக்கிற பொறுப்பு எங்களுக்கும் இருக்கட்டும், அவதூறு சொன்னால் வழக்குப் போடுங்கள். சமுதாய வானொலிக்கு ராயல்டியை வருமானப் பங்காக வையுங்கள், விளம்பரமே இல்லாத மாதத்தில் பெயரளவுக்கு ஒரு தொகை போதும், அந்தப் பணம் பாடலாசிரியர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் பாருங்கள். அரசு விளம்பரத்துக்கான பணத்துக்குக் கெடு வையுங்கள்.

இதையெல்லாம் தமிழிலேயே மூன்று பக்கக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். அமைச்சகத்துக்கு அனுப்பப் போகிறேன், நம் தொகுதி எம்.பி.க்கும் ஒரு பிரதி. சமுதாய வானொலியில் வேலை செய்கிறவர்கள், செய்தவர்கள், நேயர்கள் யாராக இருந்தாலும் கையெழுத்துச் சேர்க்க விரும்பினால் உள்பெட்டிக்கு வாருங்கள், கடிதத்தை அனுப்புகிறேன், படித்துவிட்டுத் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது. போன வாரம் நேரில் போய்க் கேட்டேன், "அன்னைக்கு நான் பேசினது வரவே இல்லையேப்பா" என்று சொல்லிக்கொண்டேதான் போட்டுக் கொடுத்தார்.