வீடு பூட்டியிருந்ததாம்

வீட்டில் நெட் போய்விட்டது, பிராட்பேண்ட் கம்பெனியிடம் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். முழுக் கதையையும் சொல்லப் போவதில்லை. நேற்று மாலை நடந்ததை மட்டும் சொல்கிறேன். "எங்கள் டெக்னீஷியன் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வருகிறது. நான் வீட்டில்தான் இருந்தேன். வாசல் கதவைத் திறந்து போட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. ரூட்டரில் சிவப்பு விளக்கு இதை எழுதும்போதும் எரிகிறது. அவர்கள் சிஸ்டத்தில் மட்டும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நெட் போனதற்கு எனக்குக் கோபம் இல்லை. கேபிள் அறுந்து போகும், மெஷின் பழுதாகும், அது யாருக்கும் நடக்கிறதுதான். என் கோபம் அந்தப் பொய்யின் மீது. புகாரை மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாது. இதைத்தான் அவர்களிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஏன் மூடுகிறார்கள்? உள்ளே எண்ணப்படுவது அதுதான். கெடுவுக்குள் எத்தனை புகார் மூடப்பட்டது என்ற கணக்குதான் மேலே போகிறது. என் வீட்டில் நெட் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கால் சென்டரில் ஏஹெச்டி என்று ஒன்று உண்டு, ஒரு அழைப்பை முடிக்கச் சராசரியாக எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்ற கணக்கு. அங்கே வேலை பார்த்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அந்த மூன்றெழுத்தைச் சொன்னாலே முகம் மாறிவிடும். பேச்சை நீட்டினால் போனில் பேசுகிற ஊழியருக்குத் திட்டு. சீக்கிரம் முடித்தால் எனக்கு நஷ்டம்.

அதனால் "அங்கே பேசுகிறவர்கள் பாவம், அவர்களிடம் கத்தாதீர்கள்" என்று சொல்ல வருகிறவர்களுக்கு: நான் கத்தவில்லை. ஒரு நாளும் கத்தியதில்லை. அவர்கள் பாவம் என்று எனக்கும் தெரியும். என்னையும் அவரையும் லைனில் மோத விட்டுவிட்டு, முடிவெடுக்கிறவர் எந்த எண்ணிலும் கிடைக்காத இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரைத்தான் கேட்கிறேன்.

அப்புறம் அந்தப் பதிவு செய்யப்பட்ட குரல். "தற்போது வழக்கத்தை விட அதிகமான அழைப்புகள் வருகின்றன." காலையில் கூப்பிட்டாலும் இதே, நள்ளிரவில் கூப்பிட்டாலும் இதே. வருஷம் முழுக்க எப்படி வழக்கத்தை விட அதிகமாக வரும்? கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர், தொலைபேசி அழைப்புகள் எப்படி வந்து சேர்கின்றன என்பதற்கு 1909-லேயே கணக்கு எழுதிவிட்டார். காத்திருக்கும் நேரத்துக்கான சூத்திரத்தை 1917-ல் கொடுத்தார். இத்தனை அழைப்பு வந்தால், இவ்வளவு நேரத்துக்குள் எடுக்க எத்தனை பேர் வேண்டும் என்பதை இன்றைக்கும் பல கால் சென்டர்களில் அந்தச் சூத்திரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆகவே நாம் காத்திருப்பது தற்செயல் இல்லை. எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கலாம் என்று யாரோ கணக்குப் போட்டு, ஆள் செலவைப் பார்த்து எடுத்த முடிவு அது.

இப்போது மனிதர்களையும் எடுத்துவிட்டு, கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட் வைக்கிறார்கள். ஏர் கனடா என்ற விமான நிறுவனத்தின் மீது ஒரு வழக்கு நடந்தது. பாட்டி இறந்து அவசரமாகப் பயணம் போன ஒருவருக்கு, துக்கப் பயணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்துப் பெறலாம் என்று அந்த நிறுவனத்தின் சாட்பாட் தவறாகச் சொல்லிவிட்டது. அவர் கேட்டபோது பணம் தர மறுத்ததோடு, சாட்பாட் தனி சட்ட அமைப்பு, அது சொன்னதற்கு அதுவேதான் பொறுப்பு என்கிற மாதிரி வாதாடினார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அங்கே ஒரு தீர்ப்பாயம் வரை போனதால் நியாயம் கிடைத்தது. போக முடியாதவர்கள்?

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா போன பிறகு அவருடைய போன் இணைப்பை ரத்து செய்யக் கூப்பிட்டேன். "அக்கவுண்ட் ஹோல்டர் லைனில் வர வேண்டும் மேடம்."

"அவர் இறந்துவிட்டார்."

"புரிகிறது மேடம். ஆனால் அக்கவுண்ட் ஹோல்டர்தான் கன்ஃபர்ம் பண்ண வேண்டும்."

இறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பினேன். புகார் எண் வந்தது. கொஞ்ச நாளில் அந்தப் புகாரும் மூடப்பட்டது. அடுத்த மாதம் பில் வந்தது. கூடவே அப்பா பெயரைப் போட்டு, எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கொடுங்கள் என்று ஒரு செய்தியும் வந்தது. அம்மா அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று அவசரமாக அழித்தேன்.

இணைப்பு வாங்கும்போது இரண்டு தட்டு, ஒரு ஓடிபி, வேலை முடிந்தது. விடுவதற்கு மட்டும் ஏன் இத்தனை பாடு? இணையதளத்தில் சந்தா சேர்க்கிற கம்பெனிகள் அதை ரத்து செய்யவும் தளத்திலேயே ஒரு பட்டன் வைக்க வேண்டும் என்று ஜெர்மனியில் 2022 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது. செய்ய முடியாத காரியம் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தினால் பட்டன் வருகிறது, இல்லாவிட்டால் வருவதில்லை.

"பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாறுங்கள்." மாறிப் பார்த்தாயிற்று. அங்கேயும் அதே குரல்தான்.

"கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள், ஒன்றிரண்டு தவறத்தான் செய்யும்." தவறட்டும். தவறிவிட்டது என்று எழுதட்டும். வீடு பூட்டியிருந்தது என்று ஏன் எழுத வேண்டும்? புகாரை மூடும் பட்டனை, புகார் கொடுத்தவர் கையில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சரியாகிவிட்டது என்று நான் சொன்ன பிறகு மூடுங்கள்.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா, உலகத்தில் எவ்வளவோ இருக்கிறதே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவளை வீட்டில் இல்லை என்று எழுதினார்கள். போய்விட்ட மனிதரை லைனில் வரச் சொன்னார்கள். இதை நிதானமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் இன்றைக்கு மட்டும் என்னிடம் வராதீர்கள்.