இம்மைக்காக மாத்திரமா?

கொங்கு நாட்டுத் திருச்சபைகளில் உபதேசப் பிரசங்கம், அதாவது விசுவாசத்தின் அடிப்படைச் சத்தியங்களை விளக்கும் பிரசங்கம், அருகிவருவதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். கோவை, திருப்பூர், ஈரோடு, தாராபுரம் என்று உறவு முறையாகவும் வேலை நிமித்தமாகவும் பல ஊர் ஆலயங்களில் ஆராதனைக்கு உட்காருகிறவன் நான். பழைய உபதேசப் பிரசங்கத்தின் இடத்தை இன்று இரண்டு விதமான பிரசங்கங்கள் பிடித்துக்கொண்டிருப்பதைக் காண்கிறேன். முதலாவது, இறையியல் கல்லூரியில் கற்ற புது வியாக்கியானத்தை அப்படியே சபையார்முன் வைக்கும் பிரசங்கம். அதில் அற்புதங்கள் உவமைகளாகின்றன. சிலுவை, அநீதியை எதிர்த்த ஒரு தியாகியின் சாவு மட்டுமே ஆகிறது. உயிர்த்தெழுதல் சீஷர்களின் உள்ளத்தில் பிறந்த நம்பிக்கையாகச் சுருங்குகிறது. இரண்டாவது, ஆசீர்வாதப் பிரசங்கம். அதில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை அத்தனையும் கடன் தீரவும், வீடு கட்டவும், விசா கிடைக்கவும் எழுதப்பட்டதாக ஆகிவிடுகிறது.

இந்த இரு தரப்பாரும் ஒருவரையொருவர் மதிப்பதில்லை. பின்னவர்களுக்குப் படிப்பில்லை என்று முன்னவர்களும், முன்னவர்களுக்கு ஆவியில்லை என்று பின்னவர்களும் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் இருவரும் செய்வது ஒரே வேலைதான். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியது இருவருக்கும் பொருந்துகிறது: "இம்மைக்காகமாத்திரம் நாம் கிறிஸ்துவின்மேல் நம்பிக்கையுள்ளவர்களாயிருந்தால், எல்லா மனுஷரைப்பார்க்கிலும் பரிதபிக்கப்பட்டவர்களாயிருப்போம்." ஒருவர் சுவிசேஷத்தை இம்மைக்கான சமூகத் திட்டமாக்குகிறார்; மற்றவர் இம்மைக்கான செழிப்புத் திட்டமாக்குகிறார். மறுமையைப் பற்றி இருவரிடமும் பேச்சில்லை. பாவத்தைப் பற்றியும், தேவனுடைய பரிசுத்தத்தைப் பற்றியும், நியாயத்தீர்ப்பைப் பற்றியும் பேச்சில்லை. இதனால் முதலில் நஷ்டப்படுகிறவர் படித்தவரோ வசதியுள்ளவரோ அல்லர், ஆலயத்தின் பின்வரிசையில் துக்கத்தோடு உட்கார்ந்திருப்பவரே.

சில ஆண்டுகளுக்கு முன் ஈஸ்டர் ஞாயிறன்று எங்கள் பகுதி ஆலயம் ஒன்றில், வெளியூரிலிருந்து வந்த இளம் போதகர் ஒருவர் பிரசங்கித்தார். நல்ல தமிழ், நல்ல குரல். வெறுமையான கல்லறை வரலாற்று நிகழ்வா என்பது முக்கியமல்ல, இயேசுவின் இலட்சியம் சீஷர்களுக்குள் உயிர்பெற்றதே உண்மையான உயிர்த்தெழுதல் என்று அவர் முடித்தார். ஆராதனைக்குப் பிறகு வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, முந்தைய வருஷம் மகனை விபத்தில் பறிகொடுத்த ஒரு வயதான அம்மா அவரை நிறுத்தி, "ஏனுங்க ஐயரே, அப்ப எம்பட பையன் எந்திரிப்பானுங்களா, மாட்டானுங்களா?" என்று கேட்டார். "அவர் உங்கள் நினைவில் என்றும் வாழ்கிறார் அம்மா" என்றார் போதகர். "நெனப்புல இருக்கறான்னு எனக்கே தெரியுமுங்க. நான் கேட்டது அதையில்லீங்க" என்றார் அந்த அம்மா. பக்கத்தில் நின்ற எனக்கு, திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்தை அந்த அம்மாதான் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்று தோன்றியது. 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்லிவந்தவர் அவர். அது உண்டா இல்லையா என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதற்குப் பதில் சொல்லவேண்டிய கடமை போதகருக்கு உண்டு.

நவீன மனிதனால் இதையெல்லாம் நம்ப முடியாது என்பதுதான் புது வியாக்கியானத்தின் அடிப்படை வாதம். 1941-இல் ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் புல்ட்மான், மின்விளக்கையும் வானொலியையும் பயன்படுத்திக்கொண்டே புதிய ஏற்பாட்டின் ஆவிகளையும் அற்புதங்களையும் நம்புவது இயலாது என்று எழுதினார். இன்று நம் ஊர்களில் நடக்கும் பல பிரசங்கங்களுக்கு அந்த வாதமே வேர். ஆனால் உயிர்த்தெழுதலை நம்ப முடியாமல் போனது மின்சாரம் வந்த பிறகா? அத்தேனே பட்டணத்தில் பவுல் மரித்தோரின் உயிர்த்தெழுதலைச் சொன்ன மாத்திரத்தில் சிலர் இகழ்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. சதுசேயர் அதை மறுத்தார்கள். கொரிந்து சபைக்குள்ளேயே சிலர் மறுத்ததால்தான் அந்தச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரம் எழுதப்பட்டது. செத்தவர் எழுந்திருக்கமாட்டார் என்பது முதல் நூற்றாண்டு மனிதனுக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் பவுல் தத்துவம் பேசாமல் சாட்சிகளை நிறுத்துகிறார்: கேபா என்னும் பேதுரு, பன்னிருவர், யாக்கோபு, ஒரே வேளையில் ஐந்நூறு பேருக்கு அதிகமான சகோதரர். அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள் என்று எழுதினால், வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்றுதானே பொருள்? கி.பி. 55-ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்தக் கடிதத்திலேயே, தமக்கு முன்பிருந்தவர்களிடமிருந்து தாம் அடைந்ததையே சபையாருக்கு ஒப்புவித்ததாக அவர் சொல்கிறார். கோவையில் பம்பு கம்பெனியில் கணினி லேத் ஓட்டும் இளைஞர்களை எனக்குத் தெரியும். மைக்ரான் கணக்கில் அளவு பார்க்கும் அவர்கள் உயிர்த்தெழுந்த கர்த்தரை ஜெபத்தில் கூப்பிடுவதில் எந்தச் சங்கடமும் காணவில்லை. சங்கடம் பிரசங்க பீடத்தில்தான் இருக்கிறது.

இயேசு ஐந்தப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு ஆயிரக்கணக்கானோரைப் போஷித்த அற்புதம் பற்றிய பிரசங்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிறுவன் ஒருவன் தன் சாப்பாட்டைக் கொடுத்ததைப் பார்த்து, மடியில் ஒளித்துவைத்திருந்தவர்களெல்லாம் வெட்கப்பட்டுத் தங்கள் உணவை எடுத்துப் பகிர்ந்துகொண்டார்கள், பகிர்தலே அற்புதம் என்ற விளக்கத்தை நான் பல இடங்களில் கேட்டுவிட்டேன். சொல்கிறவர்கள் இதைப் புதுமையாக நினைக்கிறார்கள். ஹைன்ரிச் பவுலுஸ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1828-இல் வெளியிட்ட இயேசு வரலாற்றிலேயே இந்த மாதிரி விளக்கம் வந்துவிட்டது. பகிர்தல் நல்ல குணம்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் யோவான் ஆறாம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தால் இந்த விளக்கம் நிற்காது. சாப்பிட்டு முடித்த கூட்டம், மெய்யாகவே இவர் உலகத்தில் வருகிற தீர்க்கதரிசி என்று சொல்லி, அவரைப் பலவந்தமாய் ராஜாவாக்க முயன்றது. அவரவர் கட்டுச்சோற்றை அவரவர் பிரித்துச் சாப்பிட்டதற்கு யாராவது ஒருவரை ராஜாவாக்குவார்களா?

அதற்குப் பிறகு நடந்ததை இரண்டு தரப்புப் பிரசங்கியாருமே தொடுவதில்லை. மறுநாள் அப்பத்துக்காகத் தேடிவந்த ஜனங்களிடம் இயேசு, "ஜீவ அப்பம் நானே" என்றார். தம்முடைய மாம்சத்தைப் புசித்து, இரத்தத்தைப் பானம்பண்ணாவிட்டால் உங்களுக்குள்ளே ஜீவனில்லை என்றார். இது கடினமான உபதேசம், யார் இதைக் கேட்பார்கள் என்று சீஷர்களே முறுமுறுத்தார்கள். அநேகர் பின்வாங்கிப் போனார்கள். ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டம் ஒரே பிரசங்கத்தில் கரைந்தது. நான் சொன்னதை நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இயேசு ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறவில்லை. பன்னிருவரைப் பார்த்து, "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ" என்றுதான் கேட்டார். உபதேசம் சொன்னால் இளைஞர்கள் ஆலயத்துக்கு வரமாட்டார்கள் என்று கவலைப்படும் சேகரக் கமிட்டியார், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளை நிர்வகிக்கும் குழுவினர், இந்த அதிகாரத்தை ஒருமுறை உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

இனி ஆசீர்வாதப் பிரசங்கம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் புது வருஷத்துக்கான வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் சபைகளில் ஊறிப்போன வழக்கம். அதில் பலருக்கும் பிரியமான வசனம் எரேமியா 29:11: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." அந்த வசனத்துக்கு முந்தின வசனம் எந்த அட்டையிலும் அச்சாகி நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பே உங்களைச் சந்திப்பேன் என்று அதில் கர்த்தர் சொல்கிறார். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம்; அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே செத்து அடக்கமாயிருப்பார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அங்கேயே பிள்ளைகுட்டி பெறுங்கள் என்பதுதான் அவர்களுக்கு வந்த கட்டளை.

அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷத்தில் பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்துவிடும், சிறைப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் கர்த்தரின் பெயரால் அறிவித்தார். எரேமியா சொன்னது எழுபது. அனனியா சொன்னது இரண்டு. கேட்பவர் யாருடைய பிரசங்கத்துக்கு ஆமென் சொல்லியிருப்பார்? அனனியா அந்த வருஷத்திலேயே ஏழாம் மாதத்தில் இறந்துபோனார் என்று வேதம் எழுதிவைத்திருக்கிறது. இன்று 'இந்த வருஷம் உன் சிறையிருப்பு திரும்பும்' என்று மைக்கில் முழங்குகிறவர்கள் எரேமியாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு அனனியாவின் பிரசங்கத்தைச் செய்கிறார்கள்.

இதன் விளைவு எங்கே தெரிகிறது என்றால், திருப்பூரில் ஆர்டர் குறைந்து பனியன் கம்பெனிகள் வாரத்தில் பாதி நாள் ஓடும் காலத்தில் தெரிகிறது. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் தையல்காரரிடம், உன் விசுவாசம் குறைவுபட்டதால்தான் ஆசீர்வாதம் தடைபட்டது என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை! அவருக்கு வேலையும் போகிறது, விசுவாசமும் போகிறது. நான் தாழ்ந்திருக்கவும் பரிபூரணப்படவும் கற்றுக்கொண்டேன் என்று சிறையிலிருந்து எழுதிய பவுலைப் பற்றி யாராவது அவருக்கு முறையாகப் பிரசங்கித்திருந்தால், அந்தப் பாதி வாரச் சம்பளத்திலும் அவர் தேவனோடு உறவு அறுந்தவராகத் தம்மை எண்ணியிருக்கமாட்டார்.

பழைய உபதேசம் சாதியைத் தட்டிக் கேட்கவில்லை, அதனால்தான் புது வியாக்கியானம் தேவைப்படுகிறது என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். இது கனமான வாதம். நம் சபைகளில் பெண் எடுப்பதிலும் கொடுப்பதிலும், கல்லறைத் தோட்டத்திலும், தேர்தலிலும் சாதி இருக்கிறது என்பதை எந்தக் கொங்குக் கிறிஸ்தவரும் மறுக்க முடியாது. ஆனால் குற்றம் உபதேசத்தினுடையதா, உபதேசத்தைச் சொல்லாமல் விட்டவர்களுடையதா? 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முடிவாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள். அவர் புது வியாக்கியானம் செய்தவரல்லர். இவாஞ்சலிக்கல் விசுவாசத்தில் உறுதியாக நின்றவர். எல்லாரும் தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள், எல்லாரும் பாவிகள், எல்லாருக்காகவும் ஒரே இரத்தம் சிந்தப்பட்டது என்பவை உண்மை நிகழ்வுகளாக இருந்தால்தான், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ண மாட்டேன் என்கிறவனை நோக்கி நீ தேவனுக்கு விரோதமாக நிற்கிறாய் என்று சொல்ல முடியும். அவையெல்லாம் அழகான உருவகங்கள் என்று சொல்லிவிட்டால், அவன் தன் சாதியையும் தன் பங்குக்கு ஓர் அழகான உருவகம் என்பான். அவனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

உபதேசப் பிரசங்கம் என்றால் வறட்டுப் பிரசங்கம் என்று ஒரு பெயர் வந்துவிட்டது. அதற்குக் காரணமான பிரசங்கிகளும் இருந்தார்கள்; அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. சொல்லும் முறையை மாற்றலாம், தாராளமாக மாற்றலாம். லண்டன் மிஷன் ஊழியராக ஈரோட்டில் பணிசெய்த எச். ஏ. போப்லி கர்நாடக இசையை முறையாகக் கற்று, கதாகாலட்சேபமாகப் பாடிச் சுவிசேஷம் சொன்னார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் அளவுக்குத் தமிழ் அறிந்தவர் அவர். ராகமும் தாளமும் நம் மண்ணுடையவை. சொன்ன செய்தி அப்போஸ்தலருடையது. சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்: பாவும் ஊடையும் கொடுத்தவருடையவை, நெய்கிற திறமை மட்டுமே நம்முடையது, கொடுத்த நூலை மாற்றிவிட்டு வேறு நூலில் துணி கொண்டுபோய்ப் போட்டால் அது திறமையாகாது, துரோகமாகும்.

1830-இல் லண்டன் மிஷன் ஊழியர் டபிள்யூ. பி. ஆடிஸ் கோவைக்கு வந்த காலந்தொட்டு இங்கே சபைகள் வளர்ந்தது பெரிய மேடைகளால் அல்ல. ஊர் ஊராக நடந்த உபதேசியார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்வியும் பதிலுமாக ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று பட்டம் பெற்ற பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி பதில்கள் தெரியவில்லை. பிள்ளைகளைத் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பு பல இடங்களில் நான்கைந்து மாலைகளில் முடிந்து, வெள்ளை உடையும் போட்டோவும் விருந்துமாக நிற்கிறது.

ஆகவே என் சேகரத்து ஆயருக்கும் கமிட்டிக்கும் எழுத்து மூலமாகச் சில கோரிக்கைகள் வைத்திருக்கிறேன். ஞாயிறு பிரசங்கம் ஒரு தனி வசனத்தில் தொடங்கி எங்கெங்கோ போகாமல், அன்றைய வேதபாடம் முழுவதையும் விளக்க வேண்டும். கன்வென்ஷனுக்குப் பேச்சாளரை அழைக்கும் முன், அவர் சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் பற்றி என்ன போதிக்கிறார் என்று கேட்டறிய வேண்டும். புத்தாண்டு வாக்குத்தத்த வசனத்தை அதன் அதிகாரத்தோடு சேர்த்து ஜனவரி முதல் ஞாயிறே பிரசங்கிக்க வேண்டும். திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்ற இடத்துக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. ஆயர் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் சேகரத்தில் அந்த வகுப்பு எத்தனை வாரம் நடக்கிறது, யார் நடத்துகிறார்கள், என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று இந்த ஞாயிறே விசாரித்துப் பாருங்கள்.