குழந்தையின் பேதிக்கு 'பாதி மாத்திரை' கொடுக்காதீர்கள்

பினாங்கில் சில குடும்பப் புலனக் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. பெரியவர்கள் போடும் லோபெராமைடு மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தால் குழந்தையின் பேதி நின்றுவிடும், கிளினிக்கே தேவையில்லை என்கிறது அது. இது தவறு, ஆபத்தும்கூட.

லோபெராமைடு கிருமியைக் கொல்லாது. குடல் சுவரிலுள்ள ஓபியாய்டு ஏற்பிகளில், அதாவது அபின் வகை மருந்துகள் பிடித்துக்கொள்ளும் இடங்களில் ஒட்டி, குடலின் அசைவை மந்தமாக்கும், அவ்வளவுதான். பேதி நின்ற மாதிரி தெரியும். ஆனால் நீரும் கிருமியும் உள்ளேயே தேங்கும். சின்னக் குழந்தைகளுக்குக் குடல் அசைவே நின்று வயிறு உப்பலாம், தூக்கக் கலக்கம் வரலாம், மூச்சும் மந்தமாகலாம். பாகிஸ்தானில் குழந்தைகள் இறந்த பிறகு, 1990-இல் இதன் சொட்டு மருந்து விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. 2 வயதுக்குக் கீழ் அறவே கூடாது. அதற்கு மேல் என்றாலும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

"என் பிள்ளைக்குக் கேட்டதே" என்பார்கள். சரி, பெரும்பாலான பேதி சில நாளில் தானாகவே நிற்கும். பெயர் மாத்திரைக்குப் போகிறது.

குழந்தைக்கு முதலில் வேண்டியது பார்மசியில் கிடைக்கும் ஓஆர்எஸ், அதாவது இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைப் பொடி. பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 2 வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவு, குழி விழுந்த கண், சோர்வு, ஓயாத வாந்தி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரையை ஏற்கெனவே கொடுத்திருந்தால், அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.