பஸ் இருபது நிமிஷம்தான் நிற்குமாம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் பஸ். "இருபது நிமிஷம்தான் நிற்பேன், வராதவர்களை விட்டுவிட்டுப் போய்விடுவேன்" என்கிறார் டிரைவர். வெள்ளிக்கிழமை ஐயா! மலேசிய எல்லையில், ஜொகூர் பாரு இமிகிரேஷனில்! இருபது நிமிஷத்தில் வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான்.

சிங்கப்பூர்ப் பக்கச் சோதனைச் சாவடி உட்லண்ட்ஸ், அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் இரண்டு நாட்டையும் இணைக்கும் அந்தக் கடற்பாலம். நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். திறந்தது 1924-இல், நூறு வயது தாண்டிவிட்டது. வயதுக்கேற்ற வேகத்தில்தான் பஸ்ஸையும் விடுகிறது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள்காரர்கள் பறக்கிறார்கள். நாம் ஜன்னல் வழியே பெருமூச்சு விடலாம்.

ஜொகூர் பாருவில் பெட்டியோடு இறங்கி, மாடியேறி, நின்று, நகர்ந்து, ஒருவழியாக எனக்கு முன்னால் ஒரே ஒருவர். மகராசன்! கவுன்டருக்குப் போய் நின்ற பிறகுதான் மலேசியாவுக்கு டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும் என்பதே அவருக்குத் தெரிகிறது. மூன்று நாளுக்கு முன்பிருந்தே நிரப்பலாம். இவர் அதிகாரியின் முகத்துக்கு நேரே போனைத் திறக்கிறார். சிக்னல் இல்லை. போனைத் தூக்கிப் பிடிக்கிறார். வந்துவிட்டது. ஒற்றை விரலால் பெயர் அடிக்கிறார். அழிக்கிறார். மறுபடி அடிக்கிறார். "இமெயில் கட்டாயமா?" என்று என்னைக் கேட்கிறார். கட்டாயம் சாமி! அப்புறம் வீட்டுக்குப் போன் போட்டு, "என் பாஸ்போர்ட் நம்பர் என்னம்மா?" என்கிறார். பாஸ்போர்ட் எங்கே? அவர் கையில்! அந்த அம்மாவும் பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிறார், இவர் "ஜியா, ஜேயா?" என்கிறார். ஓரமாக நில் என்று அதிகாரி சொன்னால், ஓரம் என்பது என் காலின் மேல்.

சரி, என் முறை. இரண்டு ஆள்காட்டி விரலையும் வைக்கச் சொன்னார்கள். மெஷின் ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன். மகராசன் அதற்குள் அட்டையை முடித்து, பக்கத்துக் கவுன்டரில் நுழைந்து, எனக்குக் கையசைத்துவிட்டுப் போகிறார்!

கீழே வந்தால் பஸ் இல்லை. அவரும் இல்லை. அவரும் என் பஸ்தான் போலிருக்கிறது.

2026 கடைசியில் சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவே புது ரயில் வருமாம். இரண்டு நாட்டுச் சோதனையும் ஏறுமிடத்திலேயே முடியுமாம், ஐந்து நிமிஷத்தில் அக்கரையாம். வரட்டும், வரட்டும்.

அடுத்த பஸ்ஸில் ஒட்டிக்கொண்டு வந்தேன். அதில் ஏசி! ஐஸ் போட்ட மீன் மாதிரி மனிதர்களை ஏன் ஐயா ஏற்றிச் செல்கிறீர்கள்? தலைக்கு மேலே இருக்கும் அந்த வட்ட மூடியைத் திருகினால் கையோடு வருகிறது!