ஒரிஜினல் ஸ்கேல்லயே பாடணும்னு யாருங்க சொன்னா?

கல்யாண ரிசப்ஷன்ல கரோக்கி போட்டு பாடறவங்கள பாருங்க, பல்லவி வரைக்கும் அழகா போகும், சரணத்துல மேல ஏறுற இடம் வந்ததும் கழுத்து நரம்பு புடைக்க கத்த ஆரம்பிச்சிடுவாங்க. கேட்டா "ஒரிஜினல் ஸ்கேல்லயே பாடினேன்"னு பெருமை வேற. கச்சேரியில எந்த வித்வானாவது அடுத்தவர் சுருதியில பாடி பாத்திருக்கீங்களா? ஒருத்தருக்கு ஒரு கட்டை (சுருதிய ஹார்மோனியத்தோட வெள்ளைக் கட்டைய வச்சு சொல்ற கணக்கு), இன்னொருத்தருக்கு அஞ்சரைக் கட்டை, தம்புராவையே அவங்க தொண்டைக்குத்தான் சேக்கறாங்க. சினிமா பாட்டுக்கு மட்டும் யாருக்கோ அளவெடுத்து தச்ச சட்டைய நாம மாட்டிக்கணுமா என்ன?

கேசட் காலத்துல வேற வழி இல்ல, ஓட்டத்த குறைச்சாதான் சுருதி இறங்கும், நாலு நிமிஷ பாட்ட 3 செமிடோன் (கருப்பு வெள்ளை எல்லாம் சேத்து ஒரு கட்டைலேர்ந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம்தான் ஒரு செமிடோன்) இறக்கினா 4 நிமிஷம் 45 செகண்டுக்கு இழுத்து அழுது வடியும். இப்போ ஆடாசிட்டின்னு ஆடியோ எடிட் பண்ற சாஃப்ட்வேர் இலவசமாவே கிடைக்குது, அதுல சேஞ்ச் பிட்ச் எடுத்து செமிடோன் கட்டத்துல மைனஸ் 3 அடிச்சா வேகம் மாறாம சுருதி மட்டும் இறங்கிடும். ஸ்பீடும் பிட்சும் சேந்து மாறுற எஃபெக்ட்டும் அங்கேயே இருக்கு, அவசரத்துல அத அமுக்கினா பழைய கேசட் கதைதான். ஹை குவாலிட்டி ஸ்ட்ரெச்சிங்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், கொஞ்சம் நேரம் எடுக்கும், பரவால்ல போடுங்க.

ஆனா என் காதுக்கு 3 செமிடோன்தான் எல்லை. 5 கட்டையில பொண்ணு பாடின பாட்ட ஒரு ஆம்பள 1 கட்டைக்கு கொண்டு வரணும்னா நடுவுல இருக்கற கருப்புக் கட்டைங்களையும் சேத்து 7 செமிடோன் இறக்கணும், அவ்ளோ இறக்கினா டிராக்ல இருக்கற லேடீஸ் கோரஸ் எல்லாம் ஆம்பளக் குரலாயிடும் (கேட்டா சிரிப்புதான் வரும்), ட்ரம்ஸ் தொளதொளன்னு ஆயிடும்.

ட்ரம்ஸுக்காவது ஒரு வழி இருக்கு. டீஸர்ங்கற மியூசிக் ஸ்ட்ரீமிங் கம்பெனி 2019ல இலவசமா வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் மாதிரி ஒரு சாஃப்ட்வேர வச்சு குரல், ட்ரம்ஸ், பேஸ், மத்ததுன்னு பாட்ட நாலா பிரிச்சிடலாம், ட்ரம்ஸ தொடாம பாக்கிய மட்டும் இறக்கி திரும்ப சேத்தா அடி அப்படியே கணீர்னு நிக்கும். தபேலா, மிருதங்கம் இருக்கற பாட்டுல மட்டும் இந்த வேலைய பண்ணிடாதீங்க ப்ளீஸ், அதெல்லாம் பாட்டோட சுருதிக்கு சேத்து வாசிச்சது, பாட்டு கீழ போய் அது மட்டும் மேலயே நின்னா ஒவ்வொரு அடியும் அபஸ்வரம்தான்.

அப்புறம், எவ்ளோ இறக்கறதா இருந்தாலும் முதல் ஃபைல்லேர்ந்தே ஒரே தடவையா இறக்குங்க. 2 இறக்கி சேவ் பண்ணி, பத்தலன்னு அதுலயே இன்னொரு 1 இறக்கற பழக்கம் நம்மாளுங்க நிறைய பேருக்கு இருக்கு, சிம்பல் சத்தம் முதல்ல கெட்டுப்போறது அங்கதான்.