காதலில் சரிபாதி, சிரிப்பில் ஏன் இல்லை?

டேட்டிங், பிரேக்கப், சேர்ந்து வாழ்தல் என்று இன்றைய உறவுகளைப் பேசும் தமிழ்க் காதல் நகைச்சுவைப் படங்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிறையவே வந்துவிட்டன. 'காதலில் சொதப்புவது எப்படி' (2012), 'ஓ காதல் கண்மணி' (2015), 'ஓ மை கடவுளே' (2020), 'லவ் டுடே' (2022) என்று எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்தவள் என்ற உரிமையில் என் மனக்குறை ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் படங்களில் காதல் இருவருக்கும் பொதுவாக இருக்கிறது. நகைச்சுவை மட்டும் பெரும்பாலும் கதாநாயகனுக்கும் அவனுடைய நண்பர்களுக்கும் போய்விடுகிறது. கதாநாயகி கோபப்படுகிறாள், அழுகிறாள், மன்னிக்கிறாள். நம்மைச் சிரிக்க வைக்கும் வசனம் அவள் வாயில் வருவது அபூர்வம்.

இது பழைய வழக்கத்தின் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன். நம் படங்களில் நகைச்சுவைக்கென்று தனித் தடம் இருந்த காலத்தில், சிரிக்க வைக்கும் பெண் என்றால் அவள் மனோரமாவாகவோ கோவை சரளாவாகவோ இருப்பாள். கதாநாயகியின் வேலை வேறு. பிற்பாடு தனித் தடம் மறைந்து நகைச்சுவை மையக் கதைக்குள் வந்தபோது, அதைக் கதாநாயகன் எடுத்துக்கொண்டான். கதாநாயகிக்குக் கிடைத்தது, ரசிகர்களே சலித்துப்போய் 'லூசுப் பொண்ணு' என்று பெயர் வைத்த பாத்திரம். அவளைப் பார்த்து நாம் சிரித்தோமே தவிர, அவளுடைய அறிவைக் கண்டு, அவளோடு சேர்ந்து சிரிக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள தூரம் மிக அதிகம்.

'லவ் டுடே' படத்தையே எடுத்துக்கொள்வோம். திருமணத்துக்குச் சம்மதம் கேட்டு வரும் காதலனிடம், ஒரு நாள் முழுக்க நீங்கள் இருவரும் கைப்பேசியை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று பெண்ணின் தந்தை சத்யராஜ் சொல்லும் அந்த ஒரு யோசனையில், இன்றைய காதலின் அச்சம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதே படத்தில் யோகி பாபு தன் கைப்பேசியைக் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடம் கொடுக்கவே மறுப்பார். தன் உருவத்தைக் கேலி செய்து மற்றவர்கள் அனுப்பும் செய்திகளை அவள் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் காரணம் என்று தெரியவரும் இடம், அந்தப் படத்தின் மிகச் சிறந்த இடம் என்பேன். சிரிக்க வைப்பவனுக்குள் இருக்கும் வலியைக்கூட அவ்வளவு நுட்பமாக எழுதத் தெரிந்த இயக்குநர் பிரதீப் ரங்கநாதன், கதாநாயகி நிகிதாவுக்கு மட்டும் ஏன் கண்ணீரையே அதிகம் எழுதினார்? காதலன் கைப்பேசியில் அவள் காண்பவை அவளை உடைக்கின்றன. பிறகு அவளுடையது என்று பரவும் போலிக் காணொளி மேலும் உடைக்கிறது. முடிவில் அவன் அவளை நம்புவதுதான் தீர்வாகிறது. நடுவில் ஒரு காட்சியிலாவது அவள் அவனுடைய அபத்தங்களை அவனைவிடக் கூர்மையாகப் பேசியிருந்தால், அந்தக் கைப்பேசிப் பரிமாற்றம் உண்மையிலேயே இரு பக்கப் பரிமாற்றமாக இருந்திருக்கும்.

நிஜ வாழ்க்கையில் டேட்டிங்கைப் பற்றி மிகச் சிறப்பாக நகைச்சுவை செய்பவர்கள் பெண்கள்தாம் என்பது என் அனுபவம். பெண் பார்க்கும் படலம் காபி ஷாப்புக்கு இடம் மாறிய பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. என்ன காபி வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டவரைப் பற்றி என் தோழி ஒருத்தி, அவருடைய குரலிலேயே, அவர் மெனு அட்டையை விலைப்பட்டியலிலிருந்து பின்னோக்கிப் படித்த விதம் வரை நடித்துக் காட்டியபோது, அறையில் இருந்த எல்லோருக்கும் வயிறு வலித்தது. அந்தச் சிரிப்பில் எங்கள் எல்லோருடைய அச்சமும் ஆற்றாமையும் கலந்திருந்தன. இது எதுவும் திரைக்கு வருவதில்லை. திரையில் மொட்டை மாடியிலும் டீக்கடையிலும் மதுக்கடையிலும் உட்கார்ந்து காதலைப் பற்றிப் பேசுபவர்கள் ஆண்கள்.

எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பது வெளிப்படையான காரணம். அதிகம் பேசப்படாத இன்னொன்று, குரல். நகைச்சுவை என்பது சொல்லில் பாதி, சொல்லை எந்த நொடியில் விடுகிறோம் என்பதில் பாதி. தமிழ் தெரியாத நடிகை வாயசைக்க, வேறொருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த அசைவுக்குள் வசனத்தைப் பொருத்துகிறார். கண்ணீரை அப்படிப் பொருத்திவிடலாம். சட்டென்று வெட்டிப் பேசும் ஒரு பதிலைப் பொருத்துவது மிகக் கடினம். 'லவ் டுடே'யில் கதாநாயகனின் சகோதரியாக வரும் ரவீனா ரவி, 'ஐ' படத்தில் எமி ஜாக்சனுக்குக் குரல் கொடுத்தவர். அத்தகைய கலைஞர்களின் உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் இன்னொருவருடைய உதட்டசைவுக்குக் கட்டுப்பட்டு நகைச்சுவை செய்யச் சொல்வது அவர்களுக்கும் அநியாயம்.

சொந்தக் குரலில் பேசும் நித்யா மேனன் இதற்கு நேர்மாறான உதாரணம். 'ஓ காதல் கண்மணி'யில் தேவாலயத் திருமணம் ஒன்றில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, துல்கர் சல்மானும் அவரும் கைப்பேசியில் கல்யாணத்தைப் பற்றியே பேசிக்கொள்ளும் காட்சியில், பேச்சின் குறும்பு சரிபாதியாகப் பங்கிடப்பட்டிருக்கும். 'திருச்சிற்றம்பலம்' (2022) படத்தில் அவர் நடித்த ஷோபனா, உணவு டெலிவரி செய்யும், 'பழம்' என்று செல்லப்பெயர் கொண்ட நண்பனை அவனுடைய ஒவ்வொரு காதல் முயற்சியிலும் கிண்டலும் செய்கிறாள், தாங்கியும் பிடிக்கிறாள். அவனைவிட அவளுக்கு வாய் அதிகம். அதனாலேயே அவள் பேசாமல் விடும் காதல் நமக்கு அவ்வளவு கனமாகப் படுகிறது.

அந்தப் பாத்திரத்துக்காக நித்யா மேனனுக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, 'கார்கி'யில் சாய் பல்லவி இருக்க இவருக்கு எதற்கு என்று சமூக வலைத்தளங்களில் பலர் கேட்டார்கள். சாய் பல்லவியின் நடிப்பு அபாரமானது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த வாதங்களில் திரும்பத் திரும்ப வந்த 'இவர் சும்மா சிரித்துப் பேசிக்கொண்டுதானே இருந்தார்' என்ற தொனியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மாடிப்படியில் நின்று நண்பனைக் கேலி செய்யும் பெண்ணாக, சற்றும் மிகையில்லாமல், நிறைந்த அரங்கைச் சிரிக்க வைப்பது அழுது நடிப்பதற்கு எந்த வகையிலும் குறைந்த கலை இல்லை. அதற்கு ஒரு நடிகை விருது வாங்கிவிட்டார். அதை எழுதத் துணியும் அடுத்த திரைக்கதைக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.