தாட்சர் ‘யெஸ் மினிஸ்டர்’ தொடரில் நடித்தாரா?

பிபிசியின் ‘யெஸ் மினிஸ்டர்’ நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதியில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரே நடித்தார் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு. 1980 முதல் 1984 வரை வந்த அந்தத் தொடரிலும் சரி, 1986இல் தொடங்கிய ‘யெஸ், பிரைம் மினிஸ்டர்’ தொடரிலும் சரி, அவர் தோன்றவே இல்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 1984 ஜனவரியில் இத்தொடருக்கு விருது வழங்கிய விழாவில், அமைச்சர் ஹேக்கராக நடித்த பால் எடிங்டன், செயலாளர் சர் ஹம்ஃப்ரியாக நடித்த நைஜல் ஹாதார்ன் இருவருடனும் தாட்சர் ஒரு குறுநாடகத்தில் நடித்தார். பொருளாதார வல்லுநர்களையே ஒழித்துவிட வேண்டும் என்று அதில் அவர் கேட்பார். கடைசியில் சர் ஹம்ஃப்ரி படித்ததே அரசியலும் பொருளாதாரமும்தான் என்று தெரியவரும்.

தொடரை எழுதிய ஆன்டனி ஜே, ஜொனாதன் லின் இருவரும் இதை எழுதவில்லை. பிரதமர் அலுவலகத்தில் தயாரானது இது. அதற்குரிய பெருமையை அந்த அலுவலகத்துக்கே கொடுப்போம். தாட்சர் தொடரின் தீவிர ரசிகை என்பது மட்டும் முழு உண்மை.